கெட்ட செய்தியை மேலே சொல்ல முடிகிற அலுவலகமா அது?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 29. கிண்டியில், கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஒரு ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்சியில் டீம் லீடாக இருக்கிறேன். சேர்ந்து நாலு வருஷம் நாலு மாதம் ஆகிறது. மொத்தம் 40 பேர், என் டீமில் 6 பேர். எங்கள் எம்.டி. தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து நம்பர் கேட்பார். ஜாயினிங் (நாங்கள் அனுப்பியவர்கள் வேலையில் சேர்வது) குறைந்தால் பெயர் சொல்லித் திட்டுவார். ‘உனக்கெல்லாம் சம்பளமே தண்டம்’ என்று போன வாரம்கூட ஒருவரைச் சொன்னார். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ‘நாளைக்கு எத்தனை லைன்-அப்?’ என்று, நேர்காணலுக்கு எத்தனை பேர் தயார் எனக் கேட்டு மெசேஜ் வரும். போன வருஷ இன்சென்டிவ் பாதி இன்னும் வரவில்லை. கேட்டால் ‘கிளையன்ட் பணம் தரட்டும்’ என்கிறார். எச்.ஆர். அவருடைய மனைவிதான். கம்பெனிக்கு ஆன்லைனில் 5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்கிறார்கள். வேலையை விட்டால் ஒரு வருஷம் வேறு கன்சல்டன்சியில் சேரக்கூடாது என்று என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கிறது. என் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு கிளையன்ட் மேனேஜர் ராத்திரியில் தப்பாக மெசேஜ் அனுப்புகிறார். எம்.டி.யிடம் சொன்னதற்கு, ‘பெரிய கிளையன்ட், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு’ என்றார். போன வாரம் நானே என் டீம் பையனை எல்லோர் முன்னாடியும் கத்திவிட்டேன். ‘சாரி அக்கா’ என்று சொல்லிவிட்டுப் போய் அழுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. வேலையை விடலாமா, பேசிப் பார்க்கலாமா?

– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தப் புதுப் பெண்ணைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது. நான் அங்கிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் சில வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

இன்றைக்கே அவளை அந்தக் கிளையன்ட் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மேனேஜரின் அழைப்புகளை நீங்கள் எடுங்கள், அல்லது டீமில் வேறு ஒருவரிடம் கொடுங்கள். இது அவளுக்குத் தண்டனையாகத் தெரியக்கூடாது. அதனால் அவளுடைய டார்கெட்டில் அந்தக் கிளையன்ட்டின் பங்கைக் குறைத்துவிட்டு, வேறு ஒரு நல்ல கிளையன்ட்டைக் கொடுங்கள். வந்த மெசேஜ்களைத் தேதி, நேரம் தெரியும்படி அவள் எடுத்து வைக்கட்டும். கோபத்தில் எதையும் அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் சட்டம். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்கு மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை வகிக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘மெசேஜ் அனுப்புகிறவர் நம் ஊழியர் இல்லையே’ என்று உங்கள் எம்.டி. ஒதுங்க முடியாது. வேலை சம்பந்தமாகத் தொடர்புக்கு வருகிற வெளியாட்களிடமிருந்தும் ஊழியருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. புகாரை எழுத்தில், கடைசிச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். உங்கள் அலுவலகத்தில் குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ‘ஷி-பாக்ஸ்’ என்ற மத்திய அரசின் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். 181 என்ற பெண்கள் உதவி எண் எந்த நேரமும் இயங்குகிறது.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு. அவளைத் தள்ளாதீர்கள், தடுக்கவும் செய்யாதீர்கள். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று தனியாக இருக்கிறது. எம்.டி.க்கும் எச்.ஆருக்கும் நாலு வரியில் ஒரு மின்னஞ்சல்: இன்ன தேதியில் இன்ன விஷயத்தை உங்களிடம் நேரில் சொன்னேன், இப்படிப்பட்ட மெசேஜ்கள் தொடர்கின்றன, அவரை அந்தக் கிளையன்ட் வேலையிலிருந்து மாற்றியிருக்கிறேன், நிறுவனம் என்ன நடவடிக்கை எடுக்கப்போகிறது என்று தெரிவிக்கவும். அந்தப் பெண்ணின் பெயரைப் போடுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு’ என்று வாயால் சொல்வது சுலபம். அதை எழுத்தில் பதிலாகக் கொடுக்க யாரும் யோசிப்பார்கள். இன்னொன்றும் உங்கள் எம்.டி.க்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கிளையன்ட் என்றால் அங்கேயும் ஒரு புகார்க் குழு இருக்கும், அவர்களுக்கும் தங்கள் பெயர் முக்கியம். ஒரு மேனேஜர் செய்ததற்காகக் கிளையன்ட்டே போய்விடுவார் என்ற பயம் பெரும்பாலும் வீண் பயம்.

சரி, இனி உங்கள் எம்.டி.

நான் நுங்கம்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் பல வருடம் ஆள் சேர்க்கும் வேலை பார்த்தவள். இப்போது சிறு நிறுவனங்களுக்கு மனிதவள ஆலோசனை சொல்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற முதலாளிகளோடுதான் என் நாள் பாதி போகிறது. அதனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அது உங்களுக்கு உதவும்.

நம் தொழிலில் பொதுவாக வாங்கும் கட்டணம், சேர்கிறவரின் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 12 லட்சம் வாங்கப்போகிற ஒருவரைச் சேர்த்தால் ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய்க்கு இன்வாய்ஸ் போகும். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அந்த 18,000 ரூபாயை, கிளையன்ட் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கிளையன்ட்டோ 45 நாள், 60 நாள், சில சமயம் 90 நாள் கழித்துத்தான் பணம் அனுப்புவார். அதற்குள் அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால், ஒப்பந்தப்படி இன்னொருவரைச் சும்மா பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் 40 பேருக்குச் சம்பளம் மாதம் பிறந்ததும் போக வேண்டும். காலையில் நிற்க வைத்து நம்பர் கேட்கிற மனிதர் பெரும்பாலும் முந்தைய இரவு வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தூங்காதவர்.

அவருக்குப் பயம் இருக்கலாம். அந்தப் பயத்தை 40 பேர் தலையில் இறக்கி வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அதோடு, அது அவருக்கே நஷ்டம். இந்த நஷ்டத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் உங்கள் அலுவலகத்தின் மற்ற எல்லாக் குறைகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

நம் வேலையில் கெட்ட செய்தி என்பது தினசரி வரவு. ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. ஆளுக்கு ஆஃபர் வாங்கிக் கொடுக்கிறோம். அவருக்கு 60 நாளோ 90 நாளோ நோட்டீஸ் பீரியட். அந்த மூன்று மாதத்தில் அவர் கையில் இன்னும் இரண்டு ஆஃபர் சேரும். இப்போது வேலை பார்க்கிற கம்பெனியும் ‘சம்பளத்தை ஏத்தித் தர்றோம், இரு’ என்று சொல்லும். ஆக, சிலர் கடைசியில் வர மாட்டார்கள். இது எந்த ரெக்ரூட்டரின் சோம்பலாலும் நடப்பதில்லை. ஆனால் அது வருவதற்கு முன்னால் அறிகுறி தெரியும். ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலைக் கேட்டால் ‘அனுப்பறேன் அனுப்பறேன்’ என்பார். முதல் மணியில் எடுத்த போனை மூன்றாவது தடவைதான் எடுப்பார். ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்பார். இதை அந்த ரெக்ரூட்டர்தான் முதலில் உணர்வார், உங்கள் டீம் பையனைப் போல 23, 24 வயது ஆள்.

அவன் அன்றைக்கே உங்களிடம் வந்து ‘அக்கா, இவர் ஆடுறார்’ என்று சொன்னால், நீங்கள் கிளையன்ட்டைக் கூப்பிட்டு ‘இவர் கொஞ்சம் சந்தேகம், இன்னும் இரண்டு பேரைத் தயாராக வைக்கிறேன்’ என்று சொல்லிவிடலாம். கிளையன்ட் முகம் சுளிப்பார், ஆனால் உங்கள் மேல் நம்பிக்கை வரும். காலையில் எல்லோர் முன்னாலும் நின்று திட்டு வாங்க வேண்டும் என்றால் அவன் சொல்ல மாட்டான். ‘கன்ஃபர்ம் சார்’ என்பான். ஜாயினிங் அன்றைக்குக் காலை 9 மணி வரை கன்ஃபர்ம் என்பான். அங்கே லேப்டாப்பும் நாற்காலியும் தயாராக இருக்கும், ஆள் வர மாட்டார், போன் ஸ்விட்ச் ஆஃப். அந்தக் கிளையன்ட் அடுத்த வேலையை வேறு கன்சல்டன்சிக்குக் கொடுப்பார். மாலையில் உங்கள் எம்.டி. இன்னும் சத்தமாகத் திட்டுவார். மறுநாள் இன்னொரு பையன் இன்னொரு விஷயத்தை மறைப்பான்.

இதே பயம் வேலை தேடி வருகிறவர்கள் மேலும் இறங்கும். நம்பர் வேண்டும் என்பதற்காக நைட் ஷிஃப்டைச் சொல்லாமல் விடுவார்கள். சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் ஆபீஸ் என்பதை ‘சென்னைதான்’ என்று சொல்லிவிடுவார்கள். வடமேற்கே ஆவடியில் வீடு இருக்கிற ஒருவர் சேர்ந்த இரண்டாவது மாதமே விட்டுவிட்டுப் போவார். ரெப்ளேஸ்மென்ட் தலையில் விழும். இதில் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம், அந்த ஆளின் பயோடேட்டாவில் இரண்டு மாத வேலை ஒன்று ஒட்டிக்கொள்வது. அடுத்த நேர்காணலில் அதற்குப் பதில் சொல்லித் திணறப்போவது அவர்தான்.

அதனால் ஒரு நிறுவனத்தின் தலைமை எப்படி என்று யாராவது கேட்டால், கெட்ட செய்தியைக் கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரிடம் அன்றைக்கே சொல்ல முடிகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவது, வருஷத்துக்கு ஒரு தடவை ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போவது, ஆன்லைனில் 5 ஸ்டார், இதையெல்லாம் அதற்கு அப்புறம்தான் பார்ப்பேன். உங்கள் அலுவலகத்தில் கிளையன்ட் மேனேஜரின் மெசேஜ் விஷயத்தை நீங்கள் மேலே சொன்னீர்கள். அது என்ன ஆயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் டீமைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாக அழைத்து இல்லை. யார் யார் முன்னால் கத்தினீர்களோ அவர்கள் முன்னால். ‘அன்னைக்கு நான் கத்தினது தப்பு. வேலையில என்ன குறைங்கறதை நாம தனியா பேசலாம்’ என்றால் போதும். விளக்கம் நீள வேண்டாம், உங்களுக்கு மேலே இருக்கும் நெருக்கடியைச் சொல்லி அவனிடம் இரக்கம் கேட்கவும் வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் போனதே நீங்கள் அவரைப் போல ஆகிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் இந்த மாதிரி இடத்தில் நாலு வருஷம் என்பது நீண்ட காலம். திட்டு வாங்கிப் பழகியவர் திட்டிப் பழகுவதை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன், நல்ல மனிதர்களிடமே பார்த்திருக்கிறேன். தூக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416 கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம்.

அப்புறம் உங்கள் ஆறு பேரோடு காலைப் பேச்சை மாற்றுங்கள். ‘எத்தனை?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘யாருடைய ஜாயினிங் ஆடுது?’ என்று கேளுங்கள். சீக்கிரம் சொன்னவருக்குத் திட்டு கிடையாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த வாக்கை மோசமான நாளிலும் காப்பாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் துணிந்து சொல்வார், அவருக்கு என்ன நடக்கிறது என்று மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆஃபர் வாங்கிய ஒவ்வொருவரையும் வாரம் ஒரு தடவை கூப்பிடுவதைப் பழக்கமாக்குங்கள். இரவு 11 மணி மெசேஜுக்கு ‘டீம் நம்பர் நாளைக் காலை 9.30க்கு நான் தருகிறேன் சார்’ என்று நீங்கள் ஒருவர் பதில் போட்டால் போதும், அவர்கள் போனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவில் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ‘டீம் லீட்’ என்ற பெயரை வைத்து உங்களை அந்தக் கணக்கில் சேர்க்கப் பார்க்கலாம். பெயரைவிட நீங்கள் உண்மையில் செய்கிற வேலைதான் கணக்கு. உங்கள் ஆறு பேருக்கு அந்தச் சிக்கலே இல்லை.

எம்.டி.யிடம் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை பேசுங்கள், தயார் செய்துகொண்டு பேசுங்கள். 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டி முடித்த பிறகு, மாதக் கடைசி நெருக்கடி தொடங்குவதற்கு முன் ஒரு நாள் மதியத்துக்கு மேல், தனியாக. கையில் ஒரே ஒரு தாள். உங்கள் டீமின் கடந்த ஆறு மாதக் கணக்கு: எத்தனை ஆஃபர், எத்தனை ஜாயினிங், எத்தனை பேக்அவுட் (ஆஃபர் வாங்கியும் சேராமல் போனவர்கள்), ஒவ்வொரு பேக்அவுட்டும் நமக்கு எத்தனை நாள் முன்னால் தெரிய வந்தது, அதில் போன பணம் எவ்வளவு. ‘நீங்கள் திட்டுவது மனசைக் கஷ்டப்படுத்துகிறது’ என்று தொடங்கினால் அவர் ‘தொழில்ல இதெல்லாம் சகஜம்’ என்று முடித்துவிடுவார். அவருக்குப் புரிகிற மொழி ரூபாய். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், இந்த ஆறு மாசத்துல போன ஜாயினிங்ல பாதி, நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டியது. பசங்க பயந்து சொல்லாம விட்டுட்டாங்க. என் டீம் நம்பரைத் தினமும் நானே உங்ககிட்ட தர்றேன். பசங்களை நிக்க வெச்சு பேர் சொல்லிக் கேக்கறதை மட்டும் ரெண்டு மாசம் நிறுத்திப் பாக்கலாம் சார்.”

ஒரே ஒரு கோரிக்கை. இன்சென்டிவ், இரவு மெசேஜ், 5 ஸ்டார் எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்டாதீர்கள். அவரால் ஏற்கக்கூடிய ஒன்றைக் கேட்டு, செய்கிறாரா என்று பாருங்கள். சில முதலாளிகள் குணத்தை மாற்றிக்கொள்ளாவிட்டாலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிற முதலாளிகளும் உண்டு. மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் ‘மேடம் நமக்குப் பாடம் நடத்த வந்துட்டாங்க’ என்று அவர் பேசினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அவரைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது இல்லை.

இன்சென்டிவ் விஷயம் தனி. அதை எழுத்தில் கொண்டுவாருங்கள். யார் எந்த கிளையன்ட்டில் எந்தத் தேதியில் சேர்ந்தார், இன்சென்டிவ் தொகை எவ்வளவு, எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று ஒரு பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, ‘இது சரிதானா என்று உறுதி செய்யவும்’ என்று கேளுங்கள். எச்.ஆர். அவர் மனைவியாகவே இருக்கட்டும், அவருக்கும் நகல் போடுங்கள். அவர் நடுநிலையாக இருப்பார் என்பதற்காக இல்லை, பதிவு இருக்க வேண்டும் என்பதற்காக. மறுத்துப் பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் உங்களுக்குப் பின்னால் உதவும். கமிஷன் மாதிரியான தொகைகள் சட்டம் சொல்லும் ‘ஊதியம்’ என்பதற்குள் பொதுவாக வராது. அதனால் உங்கள் பிடி, நிறுவனம் எழுதிக் கொடுத்த இன்சென்டிவ் விதிகள்தான். ஜாயினிங் ஆனதும் தருவதா, கிளையன்ட் பணம் வந்ததும் தருவதா என்று அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிளையன்ட் பணம் வந்ததும் என்று இருந்தால், எந்த இன்வாய்ஸுக்குப் பணம் வந்துவிட்டது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இனி, வேலையை விடுவது. விடுங்கள், ஆனால் இந்த வாரம் விடாதீர்கள். கடன் இருக்கும்போது கையில் இன்னொரு ஆஃபர் இல்லாமல் ராஜினாமா வேண்டாம். இன்னொரு காரணம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 5 வருஷம் முடித்தால் அது உங்கள் உரிமை. கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷ எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 25,000 என்று வைத்துக்கொண்டால் 5 வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அந்த வருஷம் முழுமையானதாகக் கணக்கு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. நீங்கள் நாலு வருஷம் நாலு மாதம் முடித்திருக்கிறீர்கள். எனவே குறைந்தது இன்னும் நாலைந்து மாதம். நோட்டீஸ் பீரியடும் பணிக்காலத்தில் சேரும். 240 நாள் கணக்கை ஏற்க மறுத்து இழுத்தடிக்கிற நிறுவனங்களும் உண்டு, அதனால் முழு 5 வருஷம் வரை தாங்க முடிந்தால் தகராறுக்கே இடமில்லை. தாங்க முடியவில்லை என்றால் அந்தப் பணத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் ஒரு தேதியை நீங்களே முடிவு செய்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தேதி தெரிந்துவிட்டால் காலை நேரத் திட்டு முன்பு போல உள்ளே போகாது.

ஒருவேளை அதற்கு முன் அவரே உங்களை வெளியே அனுப்பினால்? ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக்கூடாது என்று அதே 1947 சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீடும் செய்யலாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது.

அந்த ‘ஒரு வருஷம் வேறு கன்சல்டன்சியில் சேரக்கூடாது’ என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு உங்களை வீட்டில் உட்கார வைக்க அந்த வரியால் முடியாது. ஆனால் ஒன்றில் மிகவும் கவனமாக இருங்கள். கேண்டிடேட் பட்டியலையோ கிளையன்ட் விவரங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். நம் தொழிலில் வேலை மாறுகிறவர்கள் பலர் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ஆம் பிரிவின் கீழ் வரும். உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க அவருக்கு நீங்களே காரணம் கொடுத்தது போல ஆகிவிடும். உங்கள் சொந்தச் சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் லெட்டர், இன்சென்டிவ் விதிகள், நீங்கள் எழுதிய புகார் மின்னஞ்சல்கள், இவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட், அதாவது விலகும்போது உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி பற்றி ஒரு புது விஷயம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் கடைசி ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. ‘45 நாள் கழித்து வாங்க’ என்ற பழைய வழக்கத்துக்கு இனி இடமில்லை. கிராஜுவிட்டிக்கு 30 நாள். பி.எஃப். கணக்கில் நீங்கள் வெளியேறிய தேதியை அவர்கள் போடாவிட்டால், இரண்டு மாதம் கழித்து உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) வழியாக நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

5 ஸ்டார் விஷயத்தில், மனசுக்கு ஒப்பாததை எழுதாதீர்கள். ‘அப்புறம் போடறேன்’ என்று நழுவினால் போதும், இதற்காகச் சண்டை போட வேண்டாம். வெளியே வந்த பிறகு எழுத விரும்பினால் எழுதுங்கள், எழுதுவது அடுத்து வருகிறவருக்கு உதவி. செட்டில்மென்ட் கைக்கு வந்த பிறகு, நீங்கள் நேரில் பார்த்ததை மட்டும், ஆளைத் திட்டாமல், இன்சென்டிவ் எப்போது தருகிறார்கள், காலைக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். அவதூறு நம் நாட்டில் இன்னும் குற்றச் சட்டத்துக்குள் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. பெயர் போடாமல் எழுதினாலும் 40 பேர் அலுவலகத்தில் எழுதியவர் யார் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

அடுத்த வேலைக்கு நேர்காணல் போகும்போது, மற்றவர்களுக்காக நீங்கள் செய்கிற விசாரிப்பை உங்களுக்காகவும் செய்யுங்கள். அந்த நிறுவனத்தை விட்டு வந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. செட்டில்மென்ட் எத்தனை நாளில் வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். டீம் லீடாக இருப்பவர்கள் அங்கேயே ரெக்ரூட்டராகச் சேர்ந்து வளர்ந்தவர்களா, இல்லை வருஷத்துக்கு ஒரு புது ஆளா என்று கேளுங்கள். நேர்காணல் செய்கிற முதலாளியிடமே, ‘கடைசியா ஒரு பெரிய ஜாயினிங் கெட்டுப்போனப்போ என்ன நடந்தது சார்?’ என்று கேளுங்கள். அவர் கிளையன்ட்டிடம் என்ன பேசினார், யாரை மாற்று ஆளாக அனுப்பினார், அடுத்த தடவைக்கு என்ன மாற்றினார் என்று சொன்னால் அந்த இடத்தைப் பற்றி மேலே யோசிக்கலாம். எந்த ரெக்ரூட்டரின் தப்பு என்று பெயரைச் சொல்லி ஆரம்பித்தால், சம்பளம் கூட இருந்தாலும் அங்கே சேர வேண்டாம்.